சத்தத்தோடு

அந்த வீடியோவில் நான் முதலில் செய்யும் காரியம் ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைவது. அதற்கு முன்னால் நடந்த எதுவும் அதில் இல்லை. ஒரு கையால் தலைத்துணியை இறுக்கிப் பிடித்திருக்கிறேன், மறு கையால் ஓங்கி ஓர் அறை விடுகிறேன். பிறகு கத்துகிறேன். முகம் கோணுகிறது, எச்சில் தெறிக்கிறது. எதிரே ஐம்பது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரி ஒருத்தி கன்னத்தைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். பார்க்கிறவர்களுக்கு வேறென்ன தோன்றும்? எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். பொலிஸுக்கும் மெனேஜருக்கும் மாமிமாருக்கும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் புளித்துப்போய்விட்டது, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். என் பெயர் றிஃப்னா. பரமட்டாவில் ஒரு சைல்ட்கெயாரில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இரண்டாயிரத்துப் பதின்மூன்று, குளிர்காலம். வேலை முடிந்து ஹோம்புஷுக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தேன். உம்மா போன் எடுத்தா. ராவைக்கு என்ன கறி என்று பேசிக்கொண்டிருந்தோம். பின் சீட்டில் இருந்தவள் ஆங்கிலத்தில் பேசு என்றாள். நான் திரும்பவில்லை. நாட்டை விட்டுப் போ என்றாள், தலையில் இருப்பதைக் கழற்று என்றாள், குண்டு வைத்திருக்கிறாயா என்றாள். அதற்கும் நான் திரும்பவில்லை. அப்போதுதான் அவள் எழும்பி வந்து பின்னாலிருந்து என் ஸ்கார்ஃபைப் பிடித்து இழுத்தாள். ஊசி கழுத்தைக் கீறிக்கொண்டு போனது. துணி அவள் கையில், என் தலைமயிர் முழுக்க வெளியில், போன் நிலத்தில். பெட்டி நிறைய ஆட்கள். நான் ஏதோ கத்தினேன், என்ன கத்தினேன் என்று அப்போது எனக்கே தெரியாது. துணியைப் பறித்துத் தலையில் போட்டுக்கொண்டுதான் அறைந்தேன்.

அறைந்ததற்கு நான் வருத்தப்படவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் எனக்காக வருத்தப்பட வேண்டாம்.

மறுநாள் மத்தியானம் வேலையிடத்தில் எல்லாருடைய போனிலும் நான் இருந்தேன். நம் நாட்டுக்கு வந்து நம் பெண்களையே அடிக்கிறார்கள் என்ற தலைப்போடு ஏதோ ஒரு ஃபேஸ்புக் பக்கம் போட்டிருந்தது. அடியில் எழுதியிருந்ததை எல்லாம் நான் இங்கே எழுத மாட்டேன். என்ன செய்ய வேண்டும், எங்கே திருப்பி அனுப்ப வேண்டும், எதைப் போட்டு எரிக்க வேண்டும் என்று ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள். அதில் ஒருத்தி எங்கள் சைல்ட்கெயாரில் படிக்கும் பிள்ளையின் தாய். காலையில்தான் அவளுடைய மகனுக்கு நான் மூக்குத் துடைத்துவிட்டிருந்தேன்.

மெனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். அந்தப் பெண் பொலிஸில் தாக்குதல் என்று முறைப்பாடு கொடுத்திருக்கிறாள், விசாரணை முடியும்வரை நீ பிள்ளைகளிடம் வரக் கூடாது என்றாள். வழக்குப் பதிவானால் இந்தத் துறையிலேயே எனக்கு வேலை இருக்காது. பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்கு இந்த நாட்டில் தனி அனுமதி வேண்டும், அடிதடி வழக்கு இருந்தால் அதைப் பறித்துவிடுவார்கள். மூன்று வருடம் படித்து எடுத்த வேலை. உம்மாவும் நானாவும், அதாவது என் அண்ணனும், நானும் இருக்கும் ஃபிளாட்டுக்கு வாடகை பாதி என்னுடையது.

இனி கேத்ரினைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலேசியத் தமிழ்க் கிறிஸ்தவப் பெண், சட்டம் படிக்கிறாள். பஸ்ஸிலும் ரயிலிலும் கறுப்பு, மண்ணிற ஆட்களுக்கு நடக்கும் அநியாயங்களை யாராவது போனில் எடுத்து அனுப்பினால் அதைப் போடுவதற்கென்று ஒரு ஃபேஸ்புக் பக்கம் நடத்தினாள். அந்த வருடங்களில் அப்படித்தான் விஷயம் வெளியே வந்தது. பேப்பர்காரன் எழுத மாட்டான், டீவிக்காரன் வர மாட்டான். கேத்ரின் போட்டால், மூன்றாம் நாள் டீவிக்காரன் அவளுடைய பக்கத்தைப் பார்த்துவிட்டு வருவான். ஊர்வலம் எங்கே, எந்த ஸ்டேஷனில் யாருக்கு அடி விழுந்தது, எந்த வக்கீல் இலவசமாக வருவார், எல்லாம் அங்கேதான். நான் காலையில் தேத்தண்ணியோடு முதலில் பார்ப்பது அதைத்தான்.

நான் அவளுக்கு எழுதினேன். உடனே எனக்காக ஒரு பதிவு போட்டாள். ஒரு சில மணி நேரம் எல்லாரும் என் சகோதரிகள், எல்லாரும் என் பக்கம். பிறகு நான் அறையும் வீடியோவை யாரோ அடியில் கொண்டுவந்து ஒட்டினார்கள். பின்னேரம் பார்த்தால் பதிவைக் காணவில்லை. முழுப் பின்னணி தெரியும்வரை கருத்துச் சொல்லாமல் இருக்கிறோம் என்று ஒரு வரி மட்டும் கிடந்தது. என் கழுத்தில் கீறல் இருக்கிறது, அது பின்னணி இல்லையாம். நான் வாயால் சொன்னது பின்னணி இல்லையாம். போனில் எவனாவது எடுத்திருந்தால்தான் எனக்கு நடந்தது நடந்ததாக ஆகுமாம்.

அவளைப் போனில் ஏசிவிட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டாள், அது இன்னும் எரிச்சல். ஒரு பதிவு பிழையானால் இதற்கு முன் போட்ட அத்தனையும் பொய் என்று சொல்லக் காத்திருக்கிறார்கள் என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, எனக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் சும்மா இருக்கவும் இல்லை. யார் யாரிடமிருந்து பகிர்ந்தார்கள் என்று ஒவ்வொன்றாகப் பின்னுக்குப் போய், வீடியோவை முதலில் போட்ட ஆளைப் பிடித்தாள். அதன் தலைப்பு தமிழில் இருந்தது. கேத்ரினுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு எனக்கே அனுப்பினாள்.

"ரயிலில் நம் சகோதரிக்கு நடந்த அநியாயம். நம் ஆட்கள் இனியும் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது."

எனக்கு ஆதரவாகப் போட்டவன்தான் முதல் ஆள். போட்டவன் தமிழன். தலைப்பைத் தமிழில் எழுதிவிட்டு, தான் எழுதியதை ஊரே வாசிக்கும் என்று நினைத்திருக்கிறான். தலைப்பு உதிர்ந்துபோய் என் கை மட்டும் ஊர் சுற்றியது.

ஆளின் பெயர் பார்த்தசாரதி. தமிழ்நாட்டுக்காரர். படிக்க வந்து, கம்ப்யூட்டர் வேலைக்குப் போய், ஹோம்புஷிலேயே எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். செய்தி அனுப்பினேன். மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் தோசைக் கடையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சந்திக்கலாம் என்றார். தெரியாத ஆம்பிளையிடம் நீ தனியாகப் போக வேண்டாம் என்று என் நானா அஸ்ஹானும் வந்தான்.

பார்த்தசாரதி எழும்பி நின்று கும்பிட்டார். கும்பிட்டது நானாவை. காப்பி சொன்னது நானாவிடம் கேட்டு. முழு வீடியோ என்னிடம் இருக்கிறது என்று சொன்னதும் நானாவிடம்தான். நான் அந்தக் கதிரையில் இருந்த ஒரு கைப்பை.

முழுசாக இருந்தால் ஏன் வெட்டிப் போட்டீர்கள் என்று கேட்டேன். அப்போதும் நானாவைப் பார்த்தே பதில் சொன்னார்.

"நான் நாகூர்ல வளர்ந்தவன் சார். உங்க வீட்டுப் பொம்பளைங்க முடியை வெளியாளுங்க பாக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். அந்தம்மா துணிய இழுத்த இடத்துல தங்கச்சிக்குத் தலை முழுசாத் தெரிஞ்சுது. நாலு பேரு பாக்குற எடத்துல அத எப்படிப் போடறது? அதான் அவங்க மூடினதுக்கு அப்புறம் இருக்கறத மட்டும் போட்டேன்."

என் நானா என்ன செய்தான் தெரியுமா? அவருடைய கையைப் பிடித்து நன்றி சொன்னான். பெரிய உதவி அண்ணன், வேற ஒருத்தன் எண்டால் அப்பிடியே போட்டிருப்பான் என்றான். இரண்டு ஆம்பிளைகளும் என் தலைமயிரைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் காப்பி குடித்தார்கள். என் வேலை போகிறது, பொலிஸ் கூப்பிடுகிறது, ஊரெல்லாம் என்னை ரௌடி என்கிறது. மயிர் பத்திரம். நல்ல நியாயம்.

"என்னட்ட ஒரு சொல்லு கேட்டீங்களா?" என்றேன். "என்ட தலை, என்ட துணி. எது மானம் எண்டு முடிவெடுக்கிறது நீங்களா?"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். நானா என் காலை மிதித்தான். பார்த்தசாரதிக்கு முகம் சிவந்துவிட்டது. நல்லெண்ணத்தில்தான் செய்தேன் என்றார், அது பொய்யில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். பென் டிரைவில் முழுசையும் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி மேசையில் வைத்தார். நானா தன் லப்டொப்பில் போட்டான். அவள் வருகிறாள், கை நீள்கிறது, துணி போகிறது. எல்லாம் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

ஏன் சத்தம் இல்லை என்று கேட்டேன். ஏதோ கோளாறு என்றார். பிறகு, சத்தம் எதுக்குங்க, பார்த்தாலே தெரியுதே என்றார். பிறகு, அந்தம்மா ரொம்ப அசிங்கமாகப் பேசினாங்க, அதெல்லாம் உங்க வீட்டில் கேக்கற மாதிரி இல்லை என்றார். ஒரு கேள்விக்கு மூன்று பதில் சொல்கிறவனை நான் நம்ப மாட்டேன், சைல்ட்கெயாரில் நாலு வயதுப் பிள்ளைகள் அப்படித்தான் பதில் சொல்லும். அவருடைய போன் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்தேன். பூட்டியிருந்தது. திறந்து தாருங்கள் என்று நீட்டினேன். தரவில்லை என்றால் பொலிஸ்காரனோடு வந்து கேட்பேன் என்றேன். அவர் நானாவைப் பார்த்தார். நானா இந்த முறை அவருக்கு உதவவில்லை. திறந்து கொடுத்தார்.

சத்தத்தை முழுக்கக் கூட்டி மேசை நடுவில் வைத்தேன்.

அவள் ஏசுவது கேட்டது. நான் உம்மாவிடம் கத்தரிக்காய் இருக்கா என்று கேட்பது கேட்டது. ஊசி தெறித்த இடத்தில் நான் போட்ட சத்தம் கேட்டது. பெட்டியில் யாரோ சிரிக்கிறான். அதன் பிறகு நான் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன், வெறும் தலையோடு, இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு. கத்துகிறேன்.

"யாராவது வாங்களேன்! யாராவது வாங்களேன்!"

தமிழில். உம்மாவோடு பேசிக்கொண்டிருந்த வாய், அதே மொழியில் கத்தியிருக்கிறது. அந்தப் பெட்டியில் யாருக்கும் அது விளங்கியிருக்காது. ஒருவரைத் தவிர. நான் கத்திய அந்த நொடியில் படம் சட்டென்று கீழே சரிகிறது. ரயில் தரையும் காலில் போட்ட இரண்டு பழுப்புச் சப்பாத்துகளும் தெரிகின்றன. சப்பாத்துகள் அசையவில்லை. இரண்டாம் முறையும் கத்துகிறேன். அவை அப்போதும் அசையவில்லை. பிறகு படம் மெல்ல மேலே எழும்புகிறது, நான் துணியைப் பறிக்கிறேன்.

நான் குனிந்து மேசைக்கடியில் பார்த்தேன். அதே சப்பாத்து.

பார்த்தசாரதி கோப்பையைப் பார்த்துக்கொண்டு, முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"எனக்கு இன்னும் இங்கயே தங்கறதுக்கு பி.ஆர். வரலைங்க. போலீஸ் கேஸ்ல சாட்சின்னு பேர் வந்தா விசா போயிடும்னு சொல்றாங்க. வீடியோவப் போடுங்க, வேணாங்கல. சவுண்ட் மட்டும் எடுத்துட்டுப் போடுங்க."

சாட்சி சொன்னால் விசா போகும் என்று இவர்களுக்கு யார் சொல்வதோ. ஹோம்புஷ் ஃபிளாட்டுகளில் பாதிப் பேர் இதை நம்புகிறார்கள். அடி வாங்கியவனே முறைப்பாடு கொடுக்காமல் ஐஸ் வைத்துக்கொண்டு படுக்கிறான். எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வந்திருக்கலாம். ஆனால் பயந்தேன் என்று சொல்லியிருந்தால் இரக்கம் வந்திருக்கும். என் மானத்தைக் காப்பாற்றினேன் என்றல்லவா சொன்னார். அவர் மூடியது என் தலையை இல்லை, தன் சப்பாத்தை. எழுதியது என்ன, நம் ஆட்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாதாம்.

அங்கேயே சத்தத்தோடு முழுசையும் லப்டொப்புக்கு மாற்ற வைத்துக்கொண்டுதான் எழும்பினேன். என் காப்பி அப்படியே இருந்தது.

பொலிஸுக்குக் கொடுத்த பிறகு வேலை சுலபமாக முடிந்தது. ஒரு அதிகாரி பார்த்தார், இரண்டாம் முறை பார்த்தார், உங்கள்மேல் நடவடிக்கை இல்லை என்றார். அந்தப் பெண்ணின்மேல் வழக்குப் போட விருப்பமா என்று கேட்டார். விருப்பம் என்றேன். மெனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவள் கையைப் பிசைந்தாள். பொலிஸ் சரி, பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது என்றாள். இரண்டு குடும்பம் பிள்ளையை நிற்பாட்டப் போவதாகச் சொல்லியிருக்கிறதாம், அவர்கள் பார்த்தது ஃபேஸ்புக்கைத்தானாம். பெற்றோர் அமைதியாகும்வரை நான் வராமல் இருந்தால் நல்லதாம். பெற்றோர் எப்போது அமைதியாவார்கள் என்று கேட்டேன்.

ஆக, பொய் எங்கே கிடந்ததோ அங்கேயேதான் உண்மையையும் போட வேண்டும். கேத்ரின் தயாராக இருந்தாள். தலைமயிர் தெரியும் இடத்தை மங்கலாக்கித் தருகிறேன் என்றாள். ஏற்கெனவே ஒருத்தன் எனக்கு நல்லது செய்கிறேன் என்று வெட்டியது போதும், ஒரு இடத்தில் கை வைத்தால் முழுசிலும் கை வைத்ததென்று சொல்வார்கள் என்றேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை.

நானா எதிர்த்தான். சாப்பாட்டு மேசையில் பெரிய சண்டை.

"பொலிஸ் விட்டுட்டாங்கதானே? வேலை வேற தேடலாம். ஒருக்காப் போட்டா உலகமே உன்ட தலையப் பாக்கும். பிறகு மறைச்சு என்ன பிரயோசனம்?"

நான் வாயைத் திறக்க முன்னம் உம்மா குசினியிலிருந்து வந்தா. என் உம்மா, சாரா உம்மா, சத்தமாகப் பேசும் ஆளில்லை. இந்தச் சங்கதி நடந்த நாளிலிருந்து அவ ஒன்றுமே கேட்டதில்லை. எனக்கு அது பெரிய கோபமாகவும் இருந்தது. அந்த வீடியோவை எனக்குக் காட்டு என்றா. காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த ஏச்சையும் சிரிப்பையும் கடைசிவரை கேட்டா. நான் கத்தும் இடம் வந்ததும் கையால் போனை மூடினா.

"இது எனக்கு அண்டைக்கே கேட்டது மகள். போன் கீழ விழுந்தும் கட்டாகயில்ல. நீ என்னத்தான் கூப்பிடுறாய் எண்டு நெனச்சன். வாங்க வாங்க எண்டு நீ கத்துறாய், நான் இங்க அடுப்பு முன்னால நிக்கிறன். எங்க வாறது, எப்பிடி வாறது?"

நானா தலைகுனிந்தான். உம்மா என் ஸ்கார்ஃபைச் சரிசெய்துவிட்டா, வெளியே போகிற பிள்ளைக்குச் செய்கிறமாதிரி.

"போடு. சத்தத்த வெட்டாத."

என் பெயரில், என் பக்கத்தில், வெட்டாமல் போட்டேன். தலைப்பு எழுதவில்லை.

அன்று மாலைக்குள் கேத்ரின் பகிர்ந்தாள், அவளிடமிருந்து டீவிக்காரன் எடுத்தான். என்னை எரிக்க யோசனை சொன்னவர்கள் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போனார்கள். அந்தத் தாயும் அழித்தாள், மன்னிப்புக் கேட்கவில்லை. மெனேஜர் போன் எடுத்து, நாங்கள் ஆரம்பத்திலிருந்தே உன்னை நம்பினோம், திங்கட்கிழமை வா என்றாள். போவேன். வாடகை இருக்கிறது. ஆனால் அந்தப் பொய்யை நான் மறக்க மாட்டேன்.

நம் ஆட்களும் வந்தார்கள். சகோதரி, முடி தெரிகிறது, தயவுசெய்து அழித்துவிடுங்கள். சகோதரி, இது மார்க்கத்துக்கு ஏற்றதா? கொழும்பிலிருந்து, காயல்பட்டினத்திலிருந்து, துபாயிலிருந்து எழுதினார்கள். எல்லாரும் என் தலையைக் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, பார்க்கக் கூடாது என்று எழுதினார்கள். துணியை இழுத்த கையைப் பற்றி அவர்களில் ஒருத்தன் எழுதவில்லை.

மறுநாள் மெல்பேர்னிலிருந்து யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் அடியில் கேட்டிருந்தாள். அந்த இடத்தில் அவள் கத்துகிறாளே, அது என்ன மொழி, என்ன சொல்கிறாள்? நான் பதில் எழுதப் போனை எடுத்தேன். அதற்குள் பதில் வந்துவிட்டிருந்தது. நல்ல ஆங்கிலத்தில், பிழையே இல்லாமல் எழுதியிருந்தது. அது தமிழ், யாராவது தயவுசெய்து வாருங்கள் என்று உதவி கேட்கிறாள், கேட்கவே மனம் உடைகிறது என்று. எழுதியவர் பார்த்தசாரதி. அதற்கு அடியில் வரிசையாக நன்றி. மொழிபெயர்த்ததற்கு நன்றி சகோதரா. உங்களைப் போன்றவர்கள் இருப்பதால்தான் நம்பிக்கை வருகிறது. இதயங்கள், கைகூப்பல்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் லைக் போட்டிருந்தார்.

அவருடைய பதிலுக்குக் கீழே தமிழில் ஒரு வரி எழுதினேன்.

"அண்டைக்கே விளங்கினதா, அண்ணா?"

கொஞ்ச நேரத்தில் அந்த மெல்பேர்ன் பெண் திரும்பவும் வந்து, அவள் இப்போது என்ன எழுதியிருக்கிறாள் என்று அவரிடமே கேட்டாள். அதை அவர் இன்னும் மொழிபெயர்க்கவில்லை.